ஃபிரெட் ராஜர்ஸ் இறந்தபோது பெரியவர்கள் ஏன் அழுதார்கள்?

கேள்வி இதுதான்: ஃபிரெட் ராஜர்ஸ் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியவர். 2003-இல் இறந்துபோனார். இன்றும் அவர் பேச்சை எடுத்தால் ஐம்பது வயதைத் தாண்டிய ஆட்கள்கூடக் கண்கலங்குகிறார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கைப்பொம்மைகளோடு பேசிய ஒரு மனிதருக்கு ஏன் இத்தனை துக்கம்?

எளிய பதில் வயதுக் கணக்கில் இருக்கிறது. 'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' 1968 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கடைசிப் புதிய பகுதி வந்தது 2001 ஆகஸ்ட் 31. இடையில் ஏறத்தாழ 900 பகுதிகள். தொடக்கத்தில் மூன்று நான்கு வயதில் பார்த்தவர்கள், அவர் இறந்தபோது நாற்பதை நெருங்கியிருந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அதே நிகழ்ச்சியை இரண்டாவது முறையும் பார்த்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் போகும்போது பால்யத்தின் ஒரு பகுதியும் கூடவே போவதுபோல் இருக்கும்.

ஆனால் இது மட்டுமே காரணம் என்றால் பழைய தொகுப்பாளர் எல்லோருக்கும் இப்படி நடந்திருக்க வேண்டும். சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1955 முதல் 1984 வரை 'கேப்டன் கங்காரு'வாக வந்த பாப் கீஷன், ராஜர்ஸ் இறந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2004 ஜனவரியில் இறந்தார். அவரும் ஒரு தலைமுறைக்கே பிரியமானவர்தான். துக்கப்பட்டார்கள், நினைவு கூர்ந்தார்கள். ஆனால் ராஜர்ஸுக்கு நடந்ததுபோல், ஆண்டுகள் போகப்போக வளர்ந்துகொண்டே வரும் பிரியம் அவருக்கு வாய்க்கவில்லை.

"அவ்வளவு நல்ல மனுஷன்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் பார்வையில் விஷயம் வேறு. நான்கு வயதுக் குழந்தையிடம் சாவைப் பற்றி, கோபத்தைப் பற்றி, அப்பா அம்மா பிரிவதைப் பற்றிப் பொய் சொல்லாமல் பேச ஒரு தொழில்நுட்பமே இருக்கிறது. அதை 33 ஆண்டுகள் தேசிய ஒளிபரப்பில் உட்கார்ந்து செய்தவர் அவர். அழுத பெரியவர்களுக்கு நினைவில் இருந்தது ஸ்வெட்டர் அல்ல. சின்ன வயதில் தங்களை ஒரு ஆளாக மதித்து உண்மையைச் சொன்ன ஒரு பெரியவரின் குரல்.

1970-இல் வந்த ஒரு பகுதியைச் சொல்கிறேன். ராஜர்ஸின் செட்டில் ஒரு மீன்தொட்டி உண்டு. ஒருநாள் உணவு போடப் போகிறார். ஒரு மீன் அடியில் செத்துக் கிடக்கிறது. சும்மா மறைத்துவிட்டுப் புது மீன் போட்டிருக்கலாம். இரவோடு இரவாக அப்படிச் செய்கிற பெற்றோர் உலகமெங்கும் உண்டு. இவர் மீனை எடுத்து, உப்புத் தண்ணீரில் விட்டுப் பிழைக்கிறதா என்று பார்க்கிறார். பிழைக்கவில்லை. காகிதத்தில் சுற்றி, வெளியே கொண்டுபோய், குழி தோண்டிப் புதைக்கிறார். அப்புறம் உட்கார்ந்து, தான் சிறுவனாக இருந்தபோது செத்துப்போன மிட்ஸி என்ற நாயைப் பற்றிச் சொல்கிறார். தான் அழுததை, பாட்டி தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டதை, புதைக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது தனக்கு மனமே வராமல், மிட்ஸி இன்னும் உயிரோடு இருப்பதாகப் பாவனை செய்துகொள்ளலாமே என்று நினைத்ததை. சொர்க்கம், நட்சத்திரம், நீண்ட தூக்கம் என்று எதுவும் இல்லை. செத்தது செத்ததுதான், அழுகை வந்தால் அழலாம், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் சொன்னார். அவர் பேசும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். இடையிடையே மௌனம் வரும். தொலைக்காட்சியில் மௌனத்தை விட்டுவைக்கத் துணிவு வேண்டும்.

அதற்கும் முன்பே, நிகழ்ச்சி தொடங்கி நான்கு மாதம்கூட ஆகாத 1968 ஜூனில், அதிபர் தேர்தல் களத்தில் இருந்த செனட்டர் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டில் எந்நேரமும் தொலைக்காட்சி அதையே காட்டிக்கொண்டிருந்தது. ராஜர்ஸ் அவசர அவசரமாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி தயாரித்தார். அதில் டேனியல் என்ற கூச்ச சுபாவமுள்ள புலிப் பொம்மை, நிகழ்ச்சியில் வரும் லேடி ஆபர்லின் என்ற பெண்ணை ஒரு பலூன் ஊதச் சொல்கிறது. காற்றை வெளியே விடச் சொல்லிப் பார்க்கிறது. உள்ளே இருந்த காற்று எங்கே போனது, நமக்குள் இருக்கும் காற்றும் இப்படியே போய்விட்டால் என்ன ஆகும் என்று விசாரிக்கிறது. அதற்குப் பிறகுதான் அசல் கேள்வி வருகிறது: 'படுகொலை' என்றால் என்ன? குழந்தை மனசு பயத்தை நேராகத் தொடாது, எங்கோ ஓரத்தில் ஆரம்பித்து மெல்ல வந்து சேரும் என்பதை அறிந்தவரால்தான் அந்தப் பலூனை முதலில் வைக்க முடியும்.

இதெல்லாம் பிறவிக் குணத்தில் வந்ததா என்றால், பாதிதான். பென்சில்வேனியாவின் லட்ரோப் என்ற ஊரில் 1928-இல் பிறந்தவர். அடிக்கடி நோய்வாய்ப்பட்ட, குண்டாக இருந்ததால் மற்றப் பையன்கள் கேலி செய்து துரத்திய, தனிமையில் பொம்மைகளோடு பேசி வளர்ந்த பிள்ளை. கல்லூரியில் இசையமைப்பு படித்தார். 1951-இல் பெற்றோர் வீட்டில் முதன்முதலாகத் தொலைக்காட்சி பார்த்தபோது, ஒருவர் முகத்தில் ஒருவர் உணவுப் பண்டத்தை வீசியடித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல கருவியை இப்படியா வீணடிப்பது என்ற எரிச்சலில்தான் இந்தத் துறைக்கே வந்தார். முதலில் நியூயார்க்கில் என்பிசி, 1953-இல் பிட்ஸ்பர்க்கின் டபிள்யூகியூஇடி நிலையம். அங்கே அடுத்த ஆண்டு தொடங்கிய ஒரு நிகழ்ச்சியில் பொம்மைகளுக்குக் குரல் கொடுத்தார், முகம் காட்டவில்லை. செட்டின் பின்னால் ஓடும்போது சத்தம் வரக் கூடாது என்று கேன்வாஸ் ஷூ போட ஆரம்பித்தார். பிற்காலத்தில் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அவர் மாற்றிக்கொள்ளும் அந்த ஷூவின் கதை இதுதான். ஸ்வெட்டர்களைப் பின்னித் தந்தவர் அவர் அம்மா.

மீதிப் பாதி படிப்பும் உழைப்பும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை உளவியல் அறிஞர் மார்கரெட் மக்ஃபார்லண்டிடம் 1950-களில் மாணவராகச் சேர்ந்தார். நிகழ்ச்சி தொடங்கிய பிறகும், 1988-இல் அவர் இறக்கும்வரை, வாராவாரம் போய் உட்கார்ந்து எழுதிய வசனங்களையும் பாட்டுகளையும் அவரோடு விவாதித்தார். இத்தனை பெயரும் புகழும் வந்த பிறகும் ஆசிரியரிடம் திருத்தம் வாங்கிக்கொண்டிருந்த மனிதர்! அவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த அம்மாவை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்தும். அந்த நிகழ்ச்சியில் பாதி அவர் மூளை.

வசனத்தில் அவர் காட்டிய கறார், கூட வேலை பார்த்தவர்களுக்குப் பெரிய தமாஷாகவே இருந்தது. அவர் பேசும் முறைக்கு 'ஃப்ரெடிஷ்' என்று பெயர் வைத்து, விளையாட்டாக ஒரு கையேடே எழுதினார்கள். 'தெருவில் விளையாடுவது ஆபத்து' என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதை ராஜர்ஸ் ஏற்கும்படி மாற்ற எத்தனை படிகள் வேண்டும் என்று காட்டும் கையேடு. தடைச்சொல்லை எடு, நேர்மறையாகச் சொல். யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல். 'அப்பா அம்மா' என்று மட்டும் சொல்லாதே, அப்பா அம்மா இல்லாத பிள்ளையும் பார்க்கும். 'கட்டாயம் இப்படித்தான்' என்று எல்லோருக்கும் பொருந்தாததைச் சொல்லாதே. இப்படிப் போகும். ஒருமுறை மருத்துவமனைக் காட்சியில், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்குள் காற்று ஏற்றும் செவிலியர் வழக்கமான ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். அதே சொல்லுக்கு வெடித்துச் சிதறுவது என்றும் பொருள் உண்டு. குழந்தை பயந்துவிடும் என்று அந்த வரியை மாற்றிப் பதிவுசெய்ய வைத்தார் ராஜர்ஸ். குளியல் தொட்டியின் ஓட்டை வழியாகத் தண்ணீரோடு தாங்களும் போய்விடுவோம் என்று பயப்படும் பிள்ளைகளுக்காக, அப்படிப் போகவே முடியாது என்று ஒரு பாட்டே போட்டிருக்கிறார். பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். மூன்று வயதுக்கு அது நிஜப் பிரச்சினை.

மீன்தொட்டிக்கே மறுபடி வருகிறேன். பின்னாட்களில் மீனுக்கு உணவு போடும்போதெல்லாம் 'இப்போது மீனுக்குச் சாப்பாடு போடுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்வார். காரணம், பார்வையில்லாத ஒரு சிறுமியின் கடிதம். நீங்கள் சொல்லாவிட்டால் மீன்கள் பட்டினியா என்று எனக்குத் தெரியவில்லையே என்று அவள் கவலைப்பட்டிருந்தாள். அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

1969 மே 1 அன்று செனட் குழு முன் அவர் பேசியது மிகவும் பிரபலமான கதை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். அவர் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்த பொது ஒளிபரப்புக்கான 2 கோடி டாலர் அரசு நிதியை நிக்சன் அரசு வெட்டப் பார்த்தது. கறாரானவர் என்று பெயரெடுத்த செனட்டர் ஜான் பாஸ்டோரி தலைமையில் விசாரணை. ராஜர்ஸ் சுமார் ஆறு நிமிடம், குரலை உயர்த்தாமல், கோபம் வரும்போது என்ன செய்வது என்று கேட்கும் தன் பாட்டின் வரிகளைப் பாடாமல் சொல்லிக் காட்டினார். தனக்கு மயிர்க்கூச்செறிகிறது என்றார் பாஸ்டோரி. 2 கோடியைச் சம்பாதித்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்றும் சொன்னார். அதிகம் பேசப்படாத இன்னொரு சம்பவமும் உண்டு. வீட்டில் வீடியோவில் பதிவுசெய்து பார்ப்பது சட்டப்படி சரியா என்ற சோனி வழக்கில், பெற்றோர் பதிவுசெய்து தங்களுக்கு வசதியான நேரத்தில் பிள்ளைகளோடு பார்க்கட்டும் என்று சாட்சி சொன்னவர் இவர். 1984-இல் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கிய உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை அடிக்குறிப்பில் எடுத்தாண்டது.

சரி, குறையே இல்லாத மனிதரா? இல்லை. பிரான்சுவா கிளெமன்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் நிகழ்ச்சியில் 'ஆபீசர் கிளெமன்ஸ்' என்ற போலீஸ்காரராக வந்தார். கறுப்பினப் பகுதிகளில் போலீஸ் என்றாலே பயம் என்பதால் முதலில் அவருக்கே அந்த வேடத்தில் விருப்பமில்லை. 1969 மே மாதப் பகுதி ஒன்றில், வெயில் என்று பிளாஸ்டிக் தொட்டியில் கால் நனைத்துக்கொண்டிருக்கும் ராஜர்ஸ், நீங்களும் வாருங்கள் என்று அவரை அழைக்கிறார். ஒரே தண்ணீரில் நான்கு பாதங்கள். பிறகு ஒரே துண்டு. இதற்கு ஐந்தே ஆண்டுகளுக்கு முன், புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் வெள்ளையர் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவர் இறங்கியபோது, விடுதி மேலாளர் அவர்களை வெளியேற்ற அமிலத்தை ஊற்றினார். அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காட்சியின் கனம் புரியும். 1993-இல் இருவரும் அதே காட்சியை மீண்டும் நடித்தார்கள்.

ஆனால் கிளெமன்ஸ் ஓரினச் சேர்க்கையாளர் என்று தெரிந்தபோது, அதை வெளியே காட்டிக்கொண்டால் நிகழ்ச்சியில் நீடிக்க முடியாது, விளம்பர ஆதரவு போய்விடும் என்று சொன்னவரும் இதே ராஜர்ஸ்தான். இதைப் பின்னாளில் கிளெமன்ஸே வெளிப்படையாகச் சொன்னார். காயத்தை மறைக்காமலேயே, தன் சொந்தத் தகப்பனிடம் கிடைக்காத அன்பு அவரிடம் கிடைத்தது என்றும் சொன்னார். இறந்தவரை நினைவுகூர்வது என்றால் எனக்கு இந்த மாதிரிதான் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர் பேச்சில்தான் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார்.

இப்போது அந்த மரணத்துக்கு வருவோம். 2002-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபர் சுதந்திரப் பதக்கம் வாங்கினார். அந்த ஆண்டின் இறுதியில் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அது தெரிந்தும், 2003 புத்தாண்டு அன்று கலிபோர்னியாவில் நடக்கும் ரோஜா அணிவகுப்புக்குப் போய்விட்டு வந்தே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிப்ரவரி 27 அன்று பிட்ஸ்பர்க் வீட்டில் காலமானார். 75-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது.

நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்தவர்களுக்கு உடனே ஒரு சிக்கல். குழந்தைகள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மறுநாளும் அவர் கதவைத் திறந்துகொண்டு பாடியபடி உள்ளே வருவார். செத்துப்போனவர் எப்படி வருகிறார் என்று பிள்ளை கேட்டால்? அவருடைய நிறுவனம் பெற்றோருக்கு ஒரு குறிப்பு வெளியிட்டது. அதை அவரே எழுதினாரோ என்று தோன்றும், அவ்வளவு அவர் பாணி. பிள்ளைகள் அவரை எப்போதுமே 'தொலைக்காட்சி நண்பர்' ஆகத்தான் அறிந்திருக்கிறார்கள், அந்த உறவு அவர் இறந்ததால் மாறிவிடாது என்றது. மகிழ்ச்சியும் துக்கமும் எல்லோர் வாழ்விலும் வருபவை என்றுதானே அவர் சொல்லிவந்தார் என்று நினைவூட்டியது. பெற்றோரின் துக்கமே பிள்ளையினுடையதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதையும் அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

இதே சிக்கலை 'செசமி ஸ்ட்ரீட்' என்ற இன்னொரு குழந்தைகள் நிகழ்ச்சி வேறு விதமாகச் சந்தித்தது. அதில் கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறு நடிகரைப் போடலாம், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என்ற யோசனைகளை எல்லாம் தள்ளிவிட்டு, குழந்தை உளவியல் அறிஞர்களைக் கலந்துகொண்டு உண்மையையே சொன்னார்கள். எல்லோருக்கும் படம் வரைந்து கொண்டுவரும் பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மை, ஹூப்பருக்கான படத்தோடு அவரைத் தேடுகிறது. அவர் இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் மெல்லச் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆக வேண்டும் என்று கேட்டால், அது அப்படித்தான் என்பதைத் தவிர அவர்களிடம் பதில் இல்லை. பெற்றோர் வீட்டில் இருக்கும் நன்றி நவிலல் நாளாகப் பார்த்து 1983 நவம்பர் 24 அன்று அதை ஒளிபரப்பினார்கள். நடித்தவர்களின் கண்ணீர் நிஜம்.

ராஜர்ஸுக்குப் பொது நினைவுக்கூட்டம் 2003 மே 3 அன்று பிட்ஸ்பர்க் ஹெய்ன்ஸ் ஹாலில் நடந்தது. இசைக் கலைஞர்கள் யோ-யோ மாவும் இட்சாக் பெர்ல்மனும் வாசித்தார்கள். அதே சமயத்தில் ஒரு சிறுகோளுக்கு 'மிஸ்டர் ராஜர்ஸ்' என்று பெயரிட்டார்கள், எண் 26858. பிறகு 2009-இல் பிட்ஸ்பர்க் ஆற்றங்கரையில் ஷூ கயிறு கட்டும் கோலத்தில் வெண்கலச் சிலை, 2012-இல் அந்தக் கூச்சப் புலி டேனியலின் மகனை வைத்து ஒரு கார்ட்டூன் தொடர், 2018-இல் தபால்தலை, ஆவணப்படம், மறு ஆண்டில் டாம் ஹாங்க்ஸ் நடித்த படம். சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று 1984 முதலே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறைந்தவரைச் சுற்றிக் குப்பையும் சேரும். கடற்படைத் துப்பாக்கி வீரராக இருந்து பலரைக் கொன்றவர், கையில் பச்சை குத்தியிருப்பதை மறைக்கவே முழுக்கை ஸ்வெட்டர் என்று ஒரு வதந்தி இன்னும் சுற்றுகிறது. துளியும் உண்மை இல்லை. அவர் ராணுவத்திலேயே சேர்ந்ததில்லை. இதைவிடச் சிக்கலானது, பயங்கரமான செய்தி வரும்போது 'உதவி செய்பவர்களைத் தேடிப் பார்' என்று அம்மா தனக்குச் சொன்னதாக அவர் கூறிய வாசகம். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அது காட்டுத்தீயாகப் பரவியது. சின்னப் பிள்ளைக்குச் சொன்ன ஆறுதல் அது. பெரியவர்கள் அதைத் தங்களுக்கே சொல்லிக்கொண்டு, நடக்க வேண்டிய வேலையை விட்டுவிடுகிறார்கள் என்று சிலர் விமர்சித்தார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு. பிள்ளை உதவுபவரைத் தேடட்டும். பெரியவர் உதவுபவராக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஓய்விலிருந்து திரும்பி வந்து பெற்றோருக்காகப் பதிவுசெய்த சிறு செய்தியிலும், உலகைச் செப்பனிடுபவர்களாக இருக்கும்படிதான் கேட்டுக்கொண்டார்.

அவர் மனைவி ஜோன் 2021-இல் மறையும்வரை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: அவரைப் புனிதராக்கிவிடாதீர்கள், அப்படிச் செய்தால் நம்மால் எட்ட முடியாத உயரம் என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள், அவர் அதற்காகக் கடுமையாக உழைத்தவர்.

பார்க்கலாம் என்று நினைத்தால் டாம் ஹாங்க்ஸ் படத்தில் தொடங்காதீர்கள். அது நல்ல படம்தான், ஆனால் வேறு ஒருவர் கதை. செனட் பேச்சும் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் அனுப்புவார்கள். 1981-இல் வந்த ஜெஃப் எர்லாங்கர் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பையன், மின்சாரச் சக்கர நாற்காலியில் வருகிறான். அது எப்படி வேலை செய்கிறது, ஏன் தேவைப்பட்டது என்று கேட்கிறார் ராஜர்ஸ். எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லை. அவன் தன் அறுவை சிகிச்சைகளைப் பற்றி டாக்டர் மாதிரி விளக்குகிறான். இவர் ஒரு இடத்தில்கூட 'ஐயோ பாவம்' என்று முகத்தை மாற்றுவதில்லை. பிறகு இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். அதைப் பார்த்து முடித்த கையோடு 1999 தொலைக்காட்சி கௌரவ அரங்க விழாப் பதிவையும் பாருங்கள். வளர்ந்து இளைஞனாகிவிட்ட ஜெஃபை மேடைக்கு அழைத்து வருகிறார்கள். ராஜர்ஸுக்கு அது முன்கூட்டித் தெரியாது. எழுபதைத் தாண்டிய மனிதர் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்து நேராக மேடையில் ஏறிவிடுகிறார்.